தீர்ப்புக்குப் பிறகு: கடனை அடைப்பதும் அடைத்ததைப் பதிய வைப்பதும்

கடன் வழக்கில் தீர்ப்பாகிவிட்ட குடும்பத்துக்கு இந்த அத்தியாயம் சொல்ல வருவது ஒன்றுதான். பணத்தைக் கட்டியதோடு அந்தத் தீர்ப்பு முடிந்துவிடுவதில்லை. கட்டிய பணம் மூன்று இடங்களில் எழுத்தில் ஏறவேண்டும். முதலாவது நீதிமன்றத்தின் வழக்கேடு. இரண்டாவது கடன் கொடுத்த நிறுவனத்தின் கணக்கு. மூன்றாவது கொழும்பில் இருக்கும் இலங்கை கொடுகடன் தகவல் பணியகத்தின் பதிவு. ஊரில் எல்லோரும் ‘கிரிப்’ என்று சொல்வது இதைத்தான். இந்த மூன்று இடங்களும் ஒன்றுக்கொன்று தாமாகச் செய்தி சொல்லிக்கொள்வதில்லை. நிறுவனத்தில் கணக்கு மூடப்பட்டிருக்கும், ஆனால் நீதிமன்றத்தில் தீர்ப்பாணை உயிரோடு இருக்கும். நீதிமன்றத்தில் வழக்கு முடிந்திருக்கும், ஆனால் பணியகத்தின் அறிக்கையில் பெயருக்கு நேரே நிலுவை நின்றுகொண்டிருக்கும். பொகவந்தலாவை போன்ற தோட்டப் பகுதியிலிருந்து இந்த மூன்றையும் நேராக்குவது அலைச்சலான வேலை. ஆனாலும் கடனைக் கட்டுவதற்குப் பட்ட பாட்டில் பாதியை இந்த வேலைக்கென்று ஒதுக்கிவைக்காவிட்டால், கட்டிய பாடு முழுவதும் வீணாகக்கூடும்.

தோட்டத்துக் குடும்பத்துக்கு இது மற்றவர்களைவிடக் கூடுதலாகப் பொருந்துவதற்குக் காரணம் இருக்கிறது. காணி உறுதி கையில் உள்ள ஒருவர், கடன் பதிவு கெட்டுப்போனாலும் காணியை ஈடு வைத்து வங்கியோடு பேசிப் பார்க்கலாம். லயத்தில் குடியிருக்கும் பெரும்பாலானவர்களுக்கு அந்த வழி இல்லை. நிலம் அரசுடையது, 1992இலிருந்து பெருந்தோட்டக் கம்பனிகளின் நிர்வாகத்தில் இருப்பது, காம்பராவை ஈடு வைக்க முடியாது. ஆகவே கொட்டியாகலைத் தோட்டத்திலோ கெம்பியன் தோட்டத்திலோ வேலை செய்யும் ஒருவர் வங்கிக்குக் காட்டக்கூடியவை மூன்று: சம்பளச் சீட்டு, பிணை நிற்க வரும் இரண்டு பேர், பழைய கடன்களை ஒழுங்காகக் கட்டிய பதிவு. மூன்றாவது கெட்டால் இரண்டாவதும் கூடவே கெடும், ஏனென்றால் பிணை நின்றவர்களின் பெயரும் அதே பதிவில் சேர்கிறது. கடன் எழுதிய தாள் ஆளைத் தொடர்ந்து வருவதை மலையகம் முன்பே கண்டிருக்கிறது. கங்காணி காலத்தில் ஒரு தொழிலாளி வேறு தோட்டத்துக்குப் போகவேண்டுமென்றால், அவர் பெயரில் உள்ள கடனைக் குறித்த ‘துண்டு’ இல்லாமல் போக முடியாது. கடனைப் புதுத் தோட்டம் ஏற்றுக்கொண்டால்தான் ஆளையும் எடுக்கும். 1921இல் சட்டம் அந்த முறையைத் தடை செய்தது. இன்றைய கடன் அறிக்கை அதைப்போல ஆளைக் கட்டிப்போடுவதில்லை, வேலையையும் தடுப்பதில்லை. தொழிலாளியின் பக்கமிருந்து பார்த்தால் இரண்டுக்கும் நடுவில் இன்னொரு பெரிய வேறுபாடு உண்டு: துண்டில் எழுதியதைக் கேள்வி கேட்க வழியே இருக்கவில்லை. இன்றைய அறிக்கையை எடுத்துப் படிக்கவும், பிழையிருந்தால் திருத்தச் சொல்லவும் உங்களுக்கு உரிமை உண்டு. அந்த உரிமையைப் பயன்படுத்துவோர் மிகக் குறைவு என்பதுதான் கவலை.

முதலில், கைக்கு வந்த தாள் எது என்று தெரியவேண்டும். நிறுவனத்தின் சட்டத்தரணி அனுப்பும் கோரிக்கைக் கடிதம் வேறு, நீதிமன்ற அழைப்பாணை வேறு, தீர்ப்பாணை வேறு. வழக்கு ஹட்டனில்தான் இருக்கும் என்றும் நினைத்துவிடக்கூடாது; ஒப்பந்தம் எங்கே கைச்சாத்தானது என்பதைப் பொறுத்து வேறு ஊர் நீதிமன்றத்திலும் இருக்கலாம். தாளின் தலைப்பில் உள்ள நீதிமன்றத்தின் பெயரையும் வழக்கு இலக்கத்தையும் ஒரு கொப்பியில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இனிமேல் எங்கே போனாலும் முதலில் கேட்கப்படுவது அந்த இலக்கம். நீதிமன்றத்துக்குப் போகாமலே தீர்ப்புக்கு ஈடான முடிவுகள் வருவதும் உண்டு. முச்சக்கர வண்டி லீசிங் ஒப்பந்தங்கள் பலவற்றில், தகராறு வந்தால் நடுத்தீர்ப்பாளர் ஒருவரிடம் போகவேண்டும் என்ற நிபந்தனை சிறிய எழுத்தில் இருக்கும். கூட்டுறவுச் சங்கத்தில் வாங்கிய கடனானால், 1972ஆம் ஆண்டின் கூட்டுறவுச் சங்கச் சட்டப்படி பதிவாளர் ஊடாக நடுத்தீர்ப்புக்குப் போகும். அந்த முடிவையும் நீதிமன்றத் தீர்ப்பைப்போலவே நிறைவேற்றலாம். தாள் சிங்களத்தில் இருந்தால் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு அலமாரியில் வைத்துவிடாதீர்கள். நீதிமன்ற மொழி தெரியாத தரப்பினருக்கு மொழிபெயர்ப்பையும், வழக்கேட்டின் பகுதிகளைத் தம் மொழியில் பெறுவதையும் அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை உரிமையாகத் தருகிறது. கேட்டால்தான் கிடைக்கும், கேட்டாலும் காலதாமதம் ஆகலாம். அதற்காகக் கேட்காமல் விடுவது சரியாகாது.

தோட்டங்களில் கடன் வழக்குகள் தோற்பதற்குப் பெரிய காரணம் வழக்கின் நியாயம் அன்று, நீதிமன்றத் தவணைக்குப் போகாததே. ஹட்டனுக்குப் போனால் அன்றைய வேலைக்குப் பேர் விழாது. 2024 செப்டம்பரில் நிர்ணயித்த அடிப்படை நாட்சம்பளத்தின்படி பார்த்தாலும் அது 1,350 ரூபாய் இழப்பு. டிக்கோயா வழியாகப் போய் வரும் பஸ் செலவு தனி. ஒரு நாளை மிச்சம் பிடிப்பதாக நினைத்து வீட்டில் இருந்தால், நீங்கள் இல்லாமலே தீர்ப்பாகும். சாதாரண வழக்கில் அப்படி ஒருதலையாகத் தீர்ப்பு வந்தால், அந்தத் தீர்ப்பாணை உங்களிடம் சேர்ப்பிக்கப்பட்ட 14 நாட்களுக்குள், வராமல் போனதற்கு நியாயமான காரணத்தைக் காட்டித் தீர்ப்பை நீக்கும்படி கேட்கலாம். குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 86ஆம் பிரிவு தரும் வாய்ப்பு இது. பதினைந்தாவது நாள் போய் நின்றால் கதவு மூடியிருக்கும். வங்கியோ நிதி நிறுவனமோ 1990ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடன் அறவிடல் சட்டத்தின் கீழ் வழக்குப் போட்டிருந்தால் நிலைமை இன்னும் இறுக்கமானது. அங்கே நீதிமன்றம் முதலிலேயே நிபந்தனையுள்ள தீர்ப்பாணை ஒன்றைப் பிறப்பித்து விடுகிறது. நீங்கள் குறித்த நாளில் வந்து, எதிர்த்துப் பேச அனுமதி கேட்டு, அதற்குரிய சத்தியக்கடதாசி கொடுக்கவேண்டும். நீதிமன்றம் பணம் கட்டவோ பிணை வைக்கவோ சொல்லலாம். வராவிட்டால் அதே ஆணை முடிந்த முடிவாகிவிடும். சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணம் இல்லை என்பவர்களுக்காகத்தான் 1978ஆம் ஆண்டின் சட்டத்தில் சட்ட உதவி ஆணைக்குழு அமைக்கப்பட்டது. அதன் அருகிலுள்ள நிலையம் எது என்பதை நீதிமன்றப் பதிவறையில் கேட்டால் சொல்வார்கள்.

தீர்ப்பு வந்ததும் வீட்டில் முதலில் எழும் பயம் பொலிசும் சிறையும். வசூலுக்கு வருகிறவர்கள் சிலர் அந்தப் பயத்தை வளர்த்தே பணம் வாங்குகிறார்கள் என்பதால் இதைத் தெளிவாகச் சொல்லவேண்டும். வாங்கிய கடனைக் கட்ட இயலாமல் போவது குற்றமன்று. ஒப்பந்தக் கடமையை நிறைவேற்ற முடியாத காரணத்துக்காக மட்டும் எவரையும் சிறையில் அடைக்கக்கூடாது என்று சொல்லும் சர்வதேச உடன்படிக்கையில் இலங்கை 1980இல் சேர்ந்திருக்கிறது. விலக்கான இடம் காசோலை: கணக்கில் பணம் இல்லையென்று தெரிந்தே கொடுத்த காசோலை திரும்பினால், மேலே சொன்ன 1990ஆம் ஆண்டுச் சட்டத்தின் 25ஆம் பிரிவின்படி அது குற்றமாகும். மற்றபடி தீர்ப்பை நிறைவேற்ற வருகிறவர் நீதிமன்றத்தின் பிஸ்கால் அதிகாரி. கையில் நீதிமன்றத்தின் எழுத்தாணை இருக்கவேண்டும். அவர் எதை வேண்டுமானாலும் தூக்கிக்கொண்டு போய்விட முடியாது. சட்டக்கோவையின் 218ஆம் பிரிவு, கைப்பற்றக்கூடாதவை என்று ஒரு பட்டியல் தருகிறது. தேவையான உடுதுணி, படுக்கை, தொழில் கருவிகள், தொழிலாளரினதும் வீட்டு வேலையாளரினதும் கூலி என்பன அதில் உள்ளன. ஊழியர் சேமலாப நிதியில் கிடக்கும் பணத்தையும் பொதுவாகக் கடன் கொடுத்தவர் தொட முடியாது. ஆனால் சம்பளம் வங்கிக் கணக்கில் விழுந்த பிறகு நிலைமை இவ்வளவு தெளிவாக இருப்பதில்லை, குறிப்பாகக் கடன் கொடுத்த வங்கியிலேயே கணக்கும் இருந்தால். அந்தச் சந்தேகத்தைச் சட்டத்தரணியிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

இதை வாசித்ததும் நியாயமான ஒரு கேள்வி எழும். கூலியைப் பறிக்க முடியாது, காணி இல்லை, சிறையும் இல்லை. அப்படியானால் எதற்காகக் கட்டவேண்டும், பத்து வருடம் பேசாமல் இருந்துவிட்டால் தீர்ப்பே காலாவதியாகிவிடுமே? பத்து வருடக் கணக்கு உண்மைதான். தீர்ப்பாணையை நிறைவேற்றக் கேட்பதற்குச் சட்டக்கோவையின் 337ஆம் பிரிவு வைத்திருக்கும் எல்லை அது. ஆனால் அந்தப் பத்து வருடத்தில் யார் எதைச் சுமக்கிறார்கள் என்று பார்க்கவேண்டும். கடன் பத்திரத்தில் கையெழுத்திட்ட பிணையாளிகள் இரண்டு பேர் இருக்கிறார்கள். பெரும்பாலும் அவர்கள் அதே மலையில் கொழுந்தெடுக்கிறவர்கள், அல்லது பக்கத்து லயத்து உறவுக்காரர்கள். நிறுவனம் உங்களை விட்டுவிட்டு அவர்கள்மேல் போகலாம். முதலில் கடன் வாங்கியவரிடம் கேட்டுவிட்டு வா என்று சொல்லும் உரிமையைப் பிணைப் பத்திரத்தின் அச்சிட்ட வரிகளிலேயே அவர்கள் விட்டுக்கொடுத்திருப்பார்கள். அவர்களில் ஒருவர் கொழும்பில் கடை போட உழைத்துச் சேர்த்திருப்பார். இன்னொருவரின் மகன் தவணைக்கு வண்டி எடுக்க நினைத்திருப்பார். உங்கள் மௌனத்தின் விலையை அவர்கள் கொடுப்பார்கள். வீட்டுக்குள்ளேயும் இதே கதைதான்: பிள்ளைகளில் ஒருவர் வேலைக்குப் போய் வீட்டில் கொஞ்சம் பொருள் சேரத் தொடங்கும் ஆறாவது, ஏழாவது வருடத்தில் பிஸ்கால் வரக்கூடும். பத்து வருடம் வங்கிக் கடன் இல்லாமல் இருக்க முடியுமென்றால் காத்திருப்பதைப் பற்றி யோசிக்கலாம். ஆனால் கலியாணம், மருத்துவச் செலவு, பிள்ளையின் படிப்பு எதுவும் பத்து வருடம் காத்திருப்பதில்லை. அப்போது போகும் இடம் நூற்றுக்குப் பத்து வட்டி வாங்கும் தனியார். 180,000 ரூபாயை அப்படி வாங்கினால் மாதம் 18,000 ரூபாய் வட்டிக்கே போகும். அது 2024இன் 1,350 ரூபாய் நாட்சம்பளத்தில் 13 நாளுக்கு மேற்பட்ட உழைப்பு, முதலில் ஒரு ரூபாயும் குறையாமல். கெட்டுப்போன கடன் பதிவின் உண்மையான செலவு இதுதான்.

இரண்டாவது எதிர்வாதம் இன்னும் கனமானது, அதை அலட்சியமாகத் தள்ளிவிடக் கூடாது. கடனே அநியாயமானது, வட்டி கொள்ளை, பெண்களைக் குழுவாகச் சேர்த்துக் கொடுத்துவிட்டு வீட்டு வாசலில் வந்து நின்று வசூலித்தார்கள், அதை ஏன் மதித்துக் கட்டவேண்டும் என்ற கேள்வி அது. இலங்கையின் நுண்கடன் பிரச்சினை கற்பனையன்று. 2018இல் இங்கே வந்த ஐக்கிய நாடுகள் சபையின் நிபுணர் ஹுவான் பாப்லோ போஹோஸ்லாவ்ஸ்கி, ஆண்டுக்கு 220 வீதம் வரை போகும் வட்டியைப் பற்றி எழுதினார். அதே ஆண்டில் அரசாங்கம் வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்களின் 100,000 ரூபாய் வரையான நுண்கடன்களுக்கு நிவாரணம் அறிவித்தது. நிதி நிறுவனங்களின் நுண்கடன் வட்டிக்கு 35 வீத உச்சவரம்பும் வந்தது. மலையகத் தோட்டங்கள் அந்த நிவாரணத்தின் எல்லைக்குள் வரவில்லை. அநியாயம் என்ற வாதத்துக்குச் சட்டத்திலும் இடமுண்டு. தனியார் கொடுத்த கடனில் வட்டி அளவு மீறியிருந்தால், 1918ஆம் ஆண்டின் பணம் கடன் கொடுத்தல் கட்டளைச் சட்டத்தின் கீழ் நீதிமன்றம் அந்தக் கொடுக்கல் வாங்கலைத் திறந்து பார்க்கலாம். அறவிடும் வட்டி முதலைத் தாண்டக்கூடாது என்ற விதியும் நம் சட்டத்தில் நெடுங்காலமாக இருக்கிறது. வங்கிகளும் பதிவுபெற்ற நிதி நிறுவனங்களும் போடும் வழக்குகளில் இவ்வாதங்கள் எடுபடாமல் போகலாம். எப்படியானாலும் இவற்றைச் சொல்லும் இடம் தீர்ப்புக்கு முன்னால். ஆகவே வழக்கு நடந்துகொண்டிருந்தால் இன்றே சொல்லுங்கள். தீர்ப்பு வந்து காலம் கடந்துவிட்டதானால், அநியாயத்துக்கு எதிரான போராட்டத்தைச் சங்கத்தோடும் அரசியலிலும் நடத்துங்கள். அது நடத்தவேண்டிய போராட்டம்தான். ஆனால் அது வெல்லும்வரை தீர்ப்பாணை காத்திருக்காது. அடுத்த தேர்தலில் எல்லாக் கடனும் தள்ளுபடியாகும் என்ற பேச்சை நம்பித் தவணையை நிறுத்துகிறவர்கள், தள்ளுபடி வராத மாதங்களின் வட்டியையும் சேர்த்தே சுமக்கிறார்கள்.

கட்டுவது என்று முடிவான பிறகு, எப்படிக் கட்டுவது என்பதில் இரண்டு வழி உண்டு: தவணையாகக் கட்டுவது, பேசிக் குறைத்து ஒரே தொகையாகக் கட்டுவது. தவணைக்கு நீதிமன்றத்திடமே கேட்கலாம். பணத் தீர்ப்பைத் தவணையாகச் செலுத்த ஆணையிடச் சட்டக்கோவையின் 194ஆம் பிரிவு நீதிபதிக்கு அதிகாரம் தருகிறது. கேட்கும்போது வெறும் வாயால் கேட்காமல், கடைசி ஆறு மாதச் சம்பளச் சீட்டையும் வீட்டுச் செலவுக் கணக்கையும் கொண்டு போங்கள். அதிக தொகை ஒப்புக்கொண்டால் நீதிபதி மகிழ்வார் என்று நினைத்து மாதம் 10,000 என்று சொல்லி இரண்டாம் மாதம் தவறுவதைவிட, 5,000 என்று சொல்லி 36 மாதமும் கட்டி 180,000 ரூபாயை அடைப்பது மேல். தவணை தவறினால் முழுத் தொகையையும் உடனே கேட்கலாம் என்ற நிபந்தனை பெரும்பாலும் கூடவே இருக்கும். மழைக்காலத்தில் கொழுந்து குறைந்து, வேலைநாள் குறையும் மாதங்களையும் கணக்கில் எடுத்தே தொகையைச் சொல்லவேண்டும். ஒரே தொகை வழியில் சில சமயம் நல்ல லாபம் உண்டு. ஈடு இல்லாத கடனில் தீர்ப்பு வாங்கிய நிறுவனத்துக்கு, அதை நிறைவேற்றுவதும் செலவுதான். அபராத வட்டியையும் வழக்குச் செலவின் ஒரு பகுதியையும் விட்டுக்கொடுக்க அது இணங்கலாம். சேமலாப நிதி கைக்கு வரும் காலமோ, வெளிநாட்டில் வேலை செய்யும் பிள்ளை அனுப்பும் பணமோ இருந்தால் இந்தப் பேச்சை அப்போது வைத்துக்கொள்ளலாம். நகையை அடகு வைத்துக் கட்டலாமா என்றால், அடகின் வட்டி தீர்ப்பின் மேல் ஓடும் வட்டியைவிடக் குறைவாக இருந்து, மீட்பதற்கும் வழி தெரிந்தால் மட்டும் சரி. தனியார் வட்டிக்கு வாங்கித் தீர்ப்பை அடைப்பதும், ஒரு கிழமைக் கடனை இன்னொரு கிழமைக் கடனால் அடைப்பதும் எந்தக் கணக்கிலும் சரிவராது.

பேச்சு முடிந்ததும் பணத்தை எண்ணிக் கொடுத்துவிடாதீர்கள். கடிதம் முதலில், பணம் பிறகு. நிறுவனத்தின் தலைப்புக் கடிதத்தாளில் வழக்கு இலக்கம், கடன் ஒப்பந்த இலக்கம், இணங்கிய தொகை, கட்டவேண்டிய கடைசி நாள் ஆகியவை இருக்கவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, இந்தத் தொகையோடு கடன் முழுவதும் இறுதியாகத் தீர்ந்தது, மேற்கொண்டு கேட்பதற்கு ஒன்றுமில்லை என்ற வாசகம் இருக்கவேண்டும். அந்த வாசகம் இல்லாமல் கொடுத்த பணம், ‘கணக்கில் வரவு’ என்று மட்டும் ஏறும். குறைத்துத் தருவதாகச் சொன்ன கிளை அதிகாரி மாற்றலாகிப் போன பிறகு மிச்சத் தொகையைப் புதியவர் கேட்பார். நீதிமன்றத்தில் பணம் செலுத்தப்பட்டதாக அறிவிப்பது யார், பணியகத்துக்குத் திருத்தம் அனுப்புவது எத்தனை நாளில் என்ற இரண்டையும் அதே கடிதத்தில் கேட்டு எழுதி வாங்குங்கள். வசூலுக்கு வருகிறவரின் கையில் காசைக் கொடுக்கும் பழக்கம் தோட்டங்களில் ஊறிப்போனது. அவர் தெரிந்தவராக இருப்பார், வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டுக்களத்துக்கே வந்து வாங்குவார். தீர்ப்பு வந்த கடனில் அது வேண்டவே வேண்டாம். வங்கியில் நிறுவனத்தின் கணக்குக்குக் கட்டி, பற்றுச்சீட்டில் ஒப்பந்த இலக்கத்தை எழுதச் செய்யுங்கள். மெல்லிய தாளில் அடித்த பற்றுச்சீட்டின் எழுத்து மலையகத்து ஈரத்தில் சீக்கிரம் மங்கிப்போகும். அன்றைக்கே நிழற்படப் பிரதி எடுத்து வையுங்கள்.

இனி, பெரும்பாலானோர் தவறவிடும் கட்டம். தீர்ப்புப் பணத்தை நீதிமன்றத்துக்கு வெளியே கடன் கொடுத்தவரிடம் நேரே கட்டினால், கட்டியதை அவர் நீதிமன்றத்துக்குச் சான்றுப்படுத்தவேண்டும் என்கிறது சட்டக்கோவையின் 349ஆம் பிரிவு. அவர் செய்யாவிட்டால், நீங்களே மனுப்போட்டு, அந்தக் கொடுப்பனவைப் பதியக்கூடாததற்குக் காரணம் காட்டுமாறு அவருக்கு அறிவித்தல் அனுப்பச் சொல்லலாம். இதில் கவனிக்கவேண்டியது பிரிவின் கடைசிப் பகுதி: அப்படிச் சான்றுப்படுத்தப்படாத கொடுப்பனவை நீதிமன்றம் கணக்கில் எடுக்காது. அதாவது, 180,000 ரூபாயை முழுவதும் கட்டிப் பற்றுச்சீட்டும் வைத்திருக்கும் ஒருவருக்கு எதிராக, அதே தொகைக்கு எழுத்தாணை வரக்கூடிய நிலை சட்டப்படி இருக்கிறது. பணம் கட்டியதற்கு ஆதாரம் இருந்தால் போதாதா, நியாயம் என்று ஒன்று இல்லையா என்று கேட்கலாம். ஆதாரத்தைக் கொண்டு பிறகு தனியாக வழக்காடி மீட்க வழி இருக்கலாம். ஆனால் அதற்குச் சட்டத்தரணி, தவணை, நாட்சம்பளம் எல்லாம் மறுபடி செலவாகும். முன்பே முடிக்கக்கூடிய வேலையை அந்த நிலைக்கு விடுவானேன்? இன்னும் பாதுகாப்பான வழி, பதிவாளர் அலுவலகத்தில் கேட்டுப் பணத்தை வழக்கின் கணக்கிலேயே நீதிமன்றத்தில் வைப்பிலிடுவது. அப்போது கொடுப்பனவு வழக்கேட்டில் தானே ஏறிவிடும். கடைசித் தவணைக்குப் பிறகு, தீர்ப்பாணை நிறைவேறியது என்று பதிந்த வழக்கேட்டுப் பக்கத்தின் உறுதிப்படுத்திய பிரதியை விண்ணப்பித்து வாங்குங்கள். மத்தியஸ்த சபையில் இணக்கமாகி முடிந்த சிறு கடன்களுக்கும் இதே ஒழுங்குதான்: இணங்கிய தாளின் பிரதி, கட்டிய ஒவ்வொரு தொகைக்கும் கையெழுத்து, முடிந்ததற்கு எழுத்து.

கொடுகடன் தகவல் பணியகம் 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் உருவானது. மத்திய வங்கியும் கடன் கொடுக்கும் நிறுவனங்களும் அதில் பங்குதாரர்கள். அதைப் பற்றி நம் ஊரில் உள்ள பிழையான எண்ணம், அது கறுப்புப் பட்டியல் வைத்திருக்கிறது என்பது. பணியகம் யாருக்கும் கடன் கொடு என்றோ கொடுக்காதே என்றோ சொல்வதில்லை. ஒவ்வொரு நிறுவனமும் தான் கொடுத்த கடன்களின் நிலையை அறிவிக்கிறது, பணியகம் அவற்றைச் சேர்த்து வைத்து, கேட்கும் நிறுவனத்துக்கு அறிக்கையாகக் கொடுக்கிறது. முடிவு எடுப்பது வங்கி. இதிலிருந்து இரண்டு விளைவுகள் பிறக்கின்றன. ஒன்று, நீதிமன்றத்தில் வழக்கு முடிந்த செய்தி பணியகத்துக்குத் தானாகப் போகாது. நிறுவனம் அறிவித்தால்தான் ‘தீர்க்கப்பட்டது’ என்று மாறும். இரண்டு, அறிக்கையில் உள்ள பிழையைப் பணியகம் தானாகத் திருத்தாது. பிழையாக அறிவித்த நிறுவனத்தைக் கொண்டே திருத்தவேண்டும். எனவே கணக்கு மூடி இரண்டு மூன்று மாதம் சென்றதும் உங்கள் சொந்த அறிக்கையை எடுத்துப் பாருங்கள். அடையாள அட்டையோடு வங்கிக் கிளை ஊடாகவும், பணியகத்திடம் நேரிலும், இணையம் வழியாகவும் சிறு கட்டணத்தில் பெறலாம். அதில் உங்கள் பெயரிலுள்ள கடன்களோடு, நீங்கள் மற்றவர்களுக்குப் பிணை நின்ற கடன்களும் இருக்கும். மறந்தே போன ஒரு பிணைக் கையெழுத்து பலருக்கு அங்கேதான் நினைவுக்கு வருகிறது. அடையாள அட்டை இலக்கம் பிழையாகப் பதியப்பட்டதால் வேறொருவரின் கடன் உங்கள் பெயரில் ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். ஒரே பெயருள்ளவர்கள் ஒரே தோட்டத்தில் பலர் இருக்கும் இடங்களில் இதில் கூடுதல் கவனம் வேண்டும்.

கட்டி முடித்தாலும் பழைய பதிவு அழியாதே, அப்படியானால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்குப் பதில்: தவறிய மாதங்களின் வரலாறு சில காலம் தெரியத்தான் செய்யும். ஆனால் கடனைப் பரிசீலிக்கும் அதிகாரியின் முன்னால் ‘தவறியது, வழக்குக்குப் போனது, முழுவதும் தீர்த்தது’ என்று இருப்பதும், ‘தவறியது, இன்னும் நிலுவை’ என்று இருப்பதும் ஒன்றாகா. முதலாவதில் பேச இடமிருக்கிறது, இரண்டாவதில் இல்லை. அந்தப் பழைய மாதங்களுக்கு மேல் புதிய நல்ல மாதங்கள் சேரவேண்டும். ஒழுங்காகக் கட்டக்கூடிய ஒரு சிறு கடன், நாள் தவறாத தவணைகள் என்பவை அதற்குப் போதும். பணம் கொடுத்தால் பெயரைக் கிரிப்பிலிருந்து எடுத்துத் தருகிறோம் என்று சொல்லி வருகிறவர்களை வாசலோடு அனுப்பிவிடுங்கள். சரியான பதிவை அழிக்க எவராலும் இயலாது, பிழையான பதிவைத் திருத்த இடைத்தரகர் தேவையில்லை. நிறுவனம் திருத்த மறுத்தாலோ, தீர்ந்த கடனுக்கு மறுபடி பணம் கேட்டாலோ முதலில் எழுத்தில் முறைப்பாடு கொடுத்து ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். பதில் இல்லையென்றால் மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் தொடர்புகள் திணைக்களத்துக்கு 1935 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். நிதி ஒம்புட்ஸ்மனிடமும் எழுத்தில் முறையிடலாம். இரண்டுக்கும் உங்கள் கையிலுள்ள கடிதமும் பற்றுச்சீட்டும்தான் வலு.

கடைசியாகப் பிணையாளிகளைப் பற்றி. கடன் வாங்கியவர் இறந்துபோய் அல்லது ஊரைவிட்டுப் போய், தீர்ப்புப் பணத்தைப் பிணை நின்றவரே கட்டவேண்டி வந்தால், அவர் செய்யவேண்டியது கூடுதலாக ஒன்று உண்டு. பற்றுச்சீட்டைத் தம் சொந்தப் பெயரில், ‘பிணையாளியாகச் செலுத்தியது’ என்று எழுதி வாங்கவேண்டும். கட்டிய தொகையைக் கடன் வாங்கியவரிடமிருந்தோ அவருடைய சொத்திலிருந்தோ திருப்பிக் கேட்கச் சட்டம் அவருக்கு உரிமை தருகிறது. கூடப் பிணை நின்ற மற்றவரிடம் அவர் பங்கையும் கேட்கலாம். கடன் வாங்கியவரின் பெயரில் பற்றுச்சீட்டு வாங்கிய பிணையாளிக்கு இதை நிரூபிப்பது கடினம். கடன் வாங்கியவரே கட்டி முடித்த இடத்தில், நிறுவனம் கொடுக்கும் முடிவுக் கடிதத்தில் பிணையாளிகள் இருவரின் பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் சேர்த்து, அவர்களும் விடுவிக்கப்பட்டார்கள் என்று எழுதச் சொல்லுங்கள். ஆளுக்கொரு பிரதி கொடுத்து, அவர்களையும் தங்கள் கடன் அறிக்கையை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்கான கட்டணத்தை நீங்களே கொடுப்பது முறை. எல்லாத் தாள்களையும், தீர்ப்பாணையின் திகதியிலிருந்து பத்து வருடம் முடியும்வரை, ஈரம் படாத பொலித்தீன் உறையில், வீட்டில் இன்னொருவருக்கும் தெரிந்த இடத்தில் வைத்திருங்கள்.